கேடயத்துக்கு அந்தப் பக்கம்

அந்த நாட்டு அரசுச் சின்னத்தின் நடுவில் ஒரு கேடயம். கேடயத்துக்குள் ஒரு மலை, ஒரு கப்பல், ஒரு சாவி. மேலே சிறகு விரித்த பறவை ஒன்று. அது கழுகு என்று ராணுவமும் புறா என்று கல்வித் துறையும் இன்றுவரை சாதித்துவருகின்றன. கீழே ஓர் ஆமை, பொறுமையைக் குறிப்பது. கேடயத்தின் இடது பக்கம் தோளில் துடுப்பைச் சாய்த்த ஒரு மீனவர். வலது பக்கம் இடுப்பில் கதிர்க்கட்டை இடுக்கிய ஒரு பெண். இருவரும் ஆளுக்கொரு கையால் கேடயத்தைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையைப் பார்க்கிறார்கள்.

ஏன் இப்படி என்பதற்குப் பாடப்புத்தகத்தில் விடை உண்டு, மதிப்பெண்ணும் உண்டு. அவர் கடலைக் காக்கிறார், அவள் வயலைக் காக்கிறாள், எந்தப் பக்கமிருந்து பகைவர் வந்தாலும் நாடு பார்த்துவிடும் என்பது விடை. உண்மை இதைவிடச் சுருக்கமானது. நாடு பிறந்த அவசரத்தில் ஓவியருக்குக் கொடுத்த கெடு போதவில்லை. அவர் மீனவரை ஒரு மீன் டின்னின் லேபிளிலிருந்தும் பெண்ணை ஒரு மாவு மூட்டையிலிருந்தும் வெட்டி எடுத்து, நடுவில் கேடயத்தை ஒட்டினார். டின்காரர் இடது பக்கம் பார்த்தார், மூட்டைக்காரி வலது பக்கம் பார்த்தாள். திருப்பி வரைய நேரமில்லை. பிற்பாடு ஓவியருக்கு நாட்டின் உயரிய விருது கிடைத்தது. மாவு மில் முதலாளி வழக்குப் போட்டுத் தோற்றார்.

முதல் தேசிய நாளன்று இன்னொரு சங்கடம். தலைமை மாளிகை வாசலுக்கு மேலே பதிக்க வேண்டிய கல் சின்னம் தயாராகவில்லை. சிற்பிக்குக் காய்ச்சல் என்றார்கள். முன்பணம் கைக்கு வரும்வரை இருந்த காய்ச்சல் அது. வெளிநாட்டு விருந்தாளிகள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். யாரோ ஒரு புத்திசாலி, இரண்டு குமாஸ்தாக்களைப் பிடித்து, உடம்பெல்லாம் வெண்கல வண்ணம் பூசி, ஒட்டுப்பலகைக் கேடயம் ஒன்றைக் கையில் கொடுத்து, வாசலில் நிறுத்திவிட்டார். போட்டோ நன்றாக வந்தது. போட்டோ நன்றாக வந்தால் அது மரபு. அடுத்த வருஷம் கல் சின்னம் வந்து வாசலுக்கு மேலே ஏறிய பிறகும் கீழே ஆள் சின்னம் நிற்பது நிற்கவில்லை. தேசிய நாள், சட்டமன்றத் திறப்பு, புதுத் தூதர் வருகை என்று எல்லாவற்றுக்கும் நின்றார்கள். ஒரு வருஷம் தத்ரூபமாக இருக்கட்டும் என்று நிஜ ஆமையை வைத்தார்கள். அது ஜனாதிபதியின் உரையில் பாதியிலேயே படியிறங்கி, தூதர்கள் வரிசையைத் தாண்டிப் போய்விட்டது. அன்று முதல் மர ஆமை.

இடது பக்கத்து மீனவராக இருபது வருஷத்துக்கு மேல் நின்றவரை எல்லோரும் துடுப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் மீன் பிடித்ததில்லை. நீச்சலும் தெரியாது. அரசு எழுதுபொருள் கிடங்கில் உறைகளை எண்ணிக் கட்டி அனுப்புவது அவர் உத்தியோகம். அவருக்கு முன்னால் நின்றவர் சர்க்கரை வியாதியில் பாதியாக இளைத்தபோது, வெண்கல நிறச் சட்டை அவர் மேல் தொங்க ஆரம்பித்தது. புதுச் சட்டை தைக்க விதியில் இடமில்லை. ஆள் மாற்ற இடமிருந்தது. ஆகவே சட்டையைத் தூக்கிக்கொண்டு துறை துறையாக அலைந்தார்கள். கிடங்கில் சணல் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றவருக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. வாழ்க்கையில் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்திய பதவி அது ஒன்றுதான்.

பொருந்தாதவை நிறைய. அக்கா அவருக்குப் பெண் தேடி ஓய்ந்தாள். எங்கே போனாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து முட்டியது.

"தம்பிக்கு என்ன உத்தியோகம்?"

"எழுதுபொருள் கிடங்குல இருக்கான். விசேஷ நாள்ல அரசுச் சின்னத்துல நிப்பான்."

"அப்ப அந்தப் பக்கம் நிக்கிறது யாரு?"

இதற்கு அக்காவிடம் பதில் இல்லை. தம்பியிடமும் இல்லை. ஏனென்றால் அவர் பார்த்ததில்லை.

மாளிகையின் ஒரு கோடியில் ஆண்களுக்கு ஒப்பனை அறை, மறு கோடியில் பெண்களுக்கு. இருவரும் ஆளுக்கொரு கதவு வழியாகப் பக்கவாட்டில் வந்து, கேடயத்துக்கு முதுகைக் கொடுத்து, கையை மட்டும் பின்னால் நீட்டிப் பிடிக்க வேண்டும். முடிந்ததும் வந்த வழியே போக வேண்டும். சின்னம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நெறிமுறை அதிகாரி முதல் நாளே சொல்லிவிட்டார். வெண்கலச் சாந்தைச் சுரண்டிக் கழுவிவிட்டு வெளியே வரும்போது பெண்ணைக் கூட்டிவந்த நில அளவைத் துறை வண்டி போயிருக்கும்.

முதல் தடவை நின்றபோது, வாத்தியக் குழு தேசிய கீதத்தில் உச்சத்துக்குப் போன நேரம் பார்த்து, கேடயத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"உங்க பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. எடை மொத்தமும் என் தலையில இருக்கு."

அவர் உதடு அசையாமல் சொல்லப் பார்த்தார். "நான் தூக்கினா சாயுதுங்க."

"சாயட்டும், நாடுதானே."

அன்று அவருக்குச் சிரிப்பை அடக்கியதில் கழுத்து நரம்பு பிடித்துக்கொண்டது. மறுநாள் பத்திரிகையில், மீனவரின் கழுத்தில் தெரிந்த உறுதியைப் பாராட்டி ஒரு கட்டுரை வந்திருந்தது.

அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. வாத்தியம் முழங்கும்போது பேச வேண்டும், உரை தொடங்கியதும் நிறுத்த வேண்டும். அவள் அவரைத் துடுப்பு என்றாள், அவர் அவளைக் கதிர் என்றார். போன தடவை கேட்ட கேள்விக்கு இந்தத் தடவை பதில் வரும். "முழங்கால் எப்படி இருக்கு துடுப்பு?" என்று தேசிய நாளில் கேட்டால், "மழை வந்தா மட்டும் வலிக்குது கதிர்" என்று சொல்ல ஒரு தூதராவது வந்தாக வேண்டும். இதனால் வெளியுறவில் அவருக்கு இருந்த அக்கறை வெளியுறவுத் துறையில்கூட யாருக்கும் இருந்ததில்லை. பெயரே கேள்விப்படாத ஏதாவது ஒரு தீவு சுதந்திரம் அடைந்துவிட்டது என்று பேப்பரில் படித்தால் அவர் முகம் மலரும். ஒரு பெரிய நாடு தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டபோது, அவர் கிடங்கு வாசலில் உட்கார்ந்து, "சமாதானமாப் போனா என்ன குறைஞ்சிடும்" என்று நெடுநேரம் வருந்தினார்.

கிடங்கில் பேச ஆள் கிடையாது. அவருக்குக் கீழே இருந்த இரண்டு பணியிடங்களையும் சிக்கனம் கருதி எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்தது பசை வாசனையும், ஒரு சக்கரம் கிறீச்சிடும் தள்ளுவண்டியும், கூரை வரைக்கும் அடுக்கிய உறைகளும். ஒவ்வொரு உறையின் மூலையிலும் அரசுச் சின்னம். விரல் நகம் அளவில் அவரும், விரல் நகம் அளவில் அவளும், முதுகோடு முதுகாக. வீட்டிலும் அப்படித்தான். மூன்றாம் மாடியில் ஒரு அறை, ஒரு அடுப்பு, சுவரில் மாட்டிய ஒரு தட்டு. குழாய் ஒழுகும். ராத்திரி அதன் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அடுத்த தடவை கதிரிடம் என்ன சொல்லலாம் என்று யோசிப்பார். ஒரு தடவைக்கு நாலைந்து வாக்கியத்துக்குத்தான் இடம். ஆகவே செதுக்குவார். குழாயைப் பற்றி அவர் சொன்ன வாக்கியம் மூன்று மாதம் செதுக்கியது.

"குழாய் ஒழுகுது கதிர். ஆனா சத்தம் துணைக்கு இருக்கு."

அந்தப் பக்கம் கதிர்க்கட்டு சரசரத்தது. பிறகு, "மாத்திடுங்க துடுப்பு. துணைன்னு எதையாவது சொல்லிக்கிட்டு தண்ணியை வீணாக்காதீங்க" என்றாள்.

அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இவ்வளவு: கணவர் இல்லை, நில அளவைத் துறையில் வரைபடம் மடிக்கும் வேலை, ஒரு பையன். பையன் பள்ளிக்கூடம் போனது, அம்மைபோட்டுப் பிழைத்தது, கல்லூரியில் சேர்ந்தது எல்லாம் கேடயத்தின் வழியாகவே அவருக்கு வந்துசேர்ந்தன. தூக்கி வளர்த்த தாய்மாமனுக்குக்கூட அவ்வளவு விவரம் தெரிந்திருக்காது. பையன் படிப்பை முடித்து வருஷக்கணக்கில் வேலை தேடிக்கொண்டிருந்தான். கதிரின் குரல் அந்த வருஷங்களில் கம்மிப்போயிருந்தது.

ஒரு தூதர் வந்த நாளில் அவள் சொன்னாள்: "நாளைக்குப் பையனுக்கு இன்டர்வியூ, துடுப்பு. இதுதான் கடைசின்னு சொல்றான். இதுவும் போனா என்ன பண்ணுவானோ தெரியல."

அவர் வாயைத் திறப்பதற்குள் வாத்தியம் நின்றுவிட்டது.

அந்த வாரமே ஆட்சி மாறியது.

புது அமைச்சர் பதவியேற்ற கையோடு, நாட்டின் எல்லாக் கோளாறுகளுக்கும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி நிற்கும் சின்னத்தை வைத்துக்கொண்டு ஒற்றுமை எங்கிருந்து வரும்?" என்று மேடையில் கேட்டார். கூட்டத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை. சின்னத்தைத் திருத்த ஒரு வரலாற்றுப் பேராசிரியர், ஓய்வுபெற்ற நீதிபதி, ஓர் ஓவியர் என்று மூன்று பேரைப் போட்டார்கள். அவர்கள் பறவையில் கைவைத்தால் ராணுவம் வரும், சாவியில் கைவைத்தால் வங்கிகள் வரும், ஆமை நகராது என்று கண்டு, மிச்சமிருந்த இரண்டு மனிதர்கள் பக்கம் திரும்பினார்கள். சம்பந்தப்பட்டவர்களையும் கேட்டுவிடுவோம் என்று நீதிபதி சொன்னதால் துடுப்புக்கு அழைப்பு வந்தது. கதிருக்கும் போயிருக்கிறது, அவள் விடுப்பில் இருந்தாள்.

நீளமான மேசைக்கு எதிரே அவரை உட்காரவைத்தார்கள்.

"இத்தனை வருஷமா நிக்கிறீங்க. சின்னத்துல ஏதாவது குறை தெரியுதா?" என்று பேராசிரியர் கேட்டார்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க."

"தயங்காம சொல்லுங்க. நீங்கதான் மக்களோட குரல்."

மக்களின் குரலுக்கு அன்று மனம் இளகியிருந்தது. என்ன பண்ணுவானோ என்று கலங்கிய ஆளின் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாமே என்ற நினைப்பிலேயே அவர் பல நாளாக இருந்தார்.

"ஒருத்தரை ஒருத்தர் கொஞ்சம் பாத்துக்கிட்டா நல்லாருக்கும்" என்றார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிக்கையின் முகப்பிலேயே அந்த வாக்கியம் அச்சாகி வந்தது, 'ஓர் எளிய மீனவரின் ஏக்கம்' என்ற தலைப்பில்.

உறை கட்டுகிறவர் என்று திருத்திச் சொல்ல அவருக்குச் சந்தர்ப்பம் கொடுக்கவில்லை.

புதுச் சின்னத்தில் மீனவரும் பெண்ணும் எதிரெதிரே பார்த்து நின்றார்கள். பாடப்புத்தகத்தில் விடையை மாற்றினார்கள்: கடல் நிலத்தைப் பார்க்கிறது, நிலம் கடலைப் பார்க்கிறது. பழைய உறைகளைத் தூக்கிப்போட மனமில்லாமல், பழைய சின்னத்தின் மேலே புதியதை ஒட்டச் சொல்லிக் கிடங்குக்கு உத்தரவு வந்தது. துடுப்பு பசையும் தூரிகையுமாக உட்கார்ந்து, முதுகைக் காட்டி நின்ற தன் மேல் எதிரே பார்க்கும் தன்னை நாள் முழுக்க ஒட்டினார். அந்த நாட்களில் அவர் சீட்டியடித்ததாகக்கூடச் சொல்கிறார்கள்.

முதல் எதிர்முக நாள் வந்தது. அவர் ஷேவ் செய்துகொண்டு போனார். அதற்கு மேலே வெண்கலம் பூசப்போகிறார்கள் என்பது தெரிந்துதான். கதவு திறந்தது. கேடயத்துக்கு அந்தப் பக்கம், ஒரு கை நீளத்தில், வண்ணம் அப்பிய ஒரு முகம் வந்து நின்றது. மூக்கு இருந்தது, கன்னம் இருந்தது, எல்லாம் வெண்கலம். கண் மட்டும் கண்ணாக இருந்தது. அந்தக் கண் அவரைப் பார்த்தது. அவரும் பார்த்தார். இவ்வளவு வருஷம் பேசிய ஆள் இவர்தானா என்று இருவருமே யோசித்திருக்க வேண்டும். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பார்வையைத் தாழ்த்தி ஆமையைப் பார்த்தார்கள்.

வாத்தியம் முழங்கியது. பேசலாம். ஆனால் எப்படிப் பேசுவது? முதுகுக்குப் பின்னால் சொன்னதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்ல நாக்கு எழும்பவில்லை. போதாததற்கு, ஒற்றுமையைக் கிட்டத்திலிருந்து காட்ட வேண்டும் என்று டிவிக்காரர்கள் இரண்டு முகங்களுக்கும் நடுவில் கேமராவை நிறுத்தியிருந்தார்கள். இன்டர்வியூ என்ன ஆயிற்று என்பது அவர் தொண்டைவரை வந்து நின்றது. கதிரின் கண்ணில் பதில் தெரியுமா என்று தேடினார். வெண்கலத்தில் ஒன்றும் தெரியவில்லை. தூதர் வந்தார், குனிந்தார், போனார். அடுத்த தூதரும் அப்படியே. அதற்கடுத்தவரும். கேட்க வந்தது கேட்காமலே நின்றது.

அன்றிரவு அக்கா போன் செய்தாள். "டேய் தம்பி, டிவில பாத்தேன். அந்தம்மாவை ஏன்டா அப்படி முறைக்கிற?"

"முறைக்கலக்கா. பாத்தேன்."

"அதைவிட முதுகே தேவலாம்."

ஒருநாள் மதியம் கிடங்கைப் பூட்டிவிட்டு அவர் நில அளவை அலுவலகத்துக்குப் போனார். சாப்பாட்டு நேரம். படிக்கட்டில் பெண்கள் கூட்டமாக இறங்கிவந்தார்கள். பெயரும் தெரியாது, இதில் எந்த முகம்? வெண்கலத்தைக் கழித்துவிட்டால் எல்லா முகமும் அதுவாக இருக்கலாம், எதுவும் அதுவாக இல்லாமலும் இருக்கலாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, படிக்கட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். குரலைப் பிடித்துவிடலாம் என்று கணக்கு.

காவலாளி பக்கத்தில் வந்தார். "யாரைப் பாக்கணும் சார்?"

"பாக்கணும்னு இல்லீங்க. காதுல விழுந்தா போதும்."

"என்ன விழுந்தா?"

"ஒரு குரல்."

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், இங்க நிலம் மட்டும்தான் அளக்கிறோம். ஆஸ்பத்திரி அடுத்த தெருவுல."

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு போனார்கள். நடுவில் அவளும் போயிருக்கலாம். அவர் திரும்பி வந்து, மிச்சமிருந்த உறைகளுக்குப் பசை தடவினார்.

கடைசித் தேசிய நாள் வந்தது. கடைசி என்பது அவருக்கு. அந்த மாத முடிவில் அவர் ஓய்வுபெறுகிறார். சட்டைக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். இன்று கேட்காவிட்டால் இனி எப்போதும் இல்லை. வேலை கிடைக்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டால் என்ன சொல்வது என்றும் அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டால், கேட்க ஒரு ஆள் இருந்தது என்றாவது அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு ஆமையின் வயிற்றுக்குள் ஒலிபரப்புக்காரர்கள் புதிதாக ஒரு மைக்கை வைத்திருந்தார்கள். கொடி படபடக்கும் ஓசை நேயர்களுக்குத் துல்லியமாகக் கேட்க வேண்டும் என்பது அமைச்சரின் விருப்பம். துடுப்புக்கு இது தெரியாது. தேசிய கீதம் முடிந்து, ஜனாதிபதி மேடைக்கு நடந்துகொண்டிருந்த அந்த இடைவெளியில், அவர் எதிரே இருந்த கண்களைப் பார்த்தார். உதட்டை மறைக்க முயலவில்லை.

"பையனுக்கு வேலை கிடைச்சுதா?"

மாளிகைக்கு முன்னால் இருந்த மைதானம் முழுக்க, நாடு முழுக்க, கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களின் ரேடியோவில்கூட, அது கேட்டது. அரசுச் சின்னம் வாயைத் திறந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்டது. கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒருவர் கைதட்டினார். அது முன்வரிசைவரை பரவி ஆரவாரமாகவும், ஜனாதிபதி நடந்த நடையை நிறுத்தினார். கதிரின் உதடு அசைந்தது. வெண்கலத்தில் ஒரு விரிசல் ஓடியது. அவள் என்னவோ பதில் சொன்னாள். அந்த இரைச்சலில் ஒரு சொல்லும் அவர் காதில் விழவில்லை. நெறிமுறை அதிகாரி ஓடிவந்து சைகை காட்ட, வாத்தியக் குழு தேசிய கீதத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தது.

மறுநாள் சுவரெங்கும் எதிர்க்கட்சியின் சுவரொட்டி: 'சின்னமே கேட்கிறது!' தொழிலாளர் துறை புள்ளிவிவரம் வெளியிட்டது. எதிர்க்கட்சி வேறு புள்ளிவிவரம் வெளியிட்டது. மீனவர் 'பையன்' என்று சொன்னது நாட்டின் வருங்காலத்தை, 'வேலை' என்பது வரலாற்றுக் கடமையைக் குறிக்கிறது என்று பேராசிரியர் டிவியில் முக்கால் மணி நேரம் விளக்கினார். ஆமையிடமிருந்து குரல் வந்ததால் அது பொறுமை இழந்துவிட்டதன் குறியீடு என்று ஒரு கவிஞர் எழுதினார். உண்மையிலேயே ஒரு பையன் இருக்கிறான், அவனுக்கு ஒரு இன்டர்வியூ இருந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா போன் செய்தாள். "நாடே கேக்கப் பேசுறியே, அக்கா நல்லாருக்கியான்னு ஒரு வார்த்தை சேத்துக் கேட்டிருந்தா வாய் வலிக்குமா?"

"நல்லாருக்கியாக்கா?"

"இப்பக் கேட்டு என்ன. மைக் போயிடுச்சு."

ஆள் சின்னத்தை நிறுத்திவிட்டு ஃபைபரில் வார்த்த இரண்டு பொம்மைகளை வைப்பது என்று முடிவாயிற்று. அவை பேசா, இளைக்கா, ஓய்வுபெறா. விசாரணை மட்டும் பாக்கி. இருவரும் பேசிவைத்துக்கொண்டுவிடக் கூடாது என்று வெவ்வேறு நாளில் வரச் சொன்னார்கள். கதிருக்கு முந்தின நாள், துடுப்புக்கு அடுத்த நாள்.

விசாரணை அதிகாரி தூக்கம் கெட்ட முகத்தோடு, கழுத்துப் பொத்தானைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்தக் கட்சி நீங்க?"

"எழுதுபொருள் கிடங்குங்க."

"கேள்வியை யார் எழுதிக் கொடுத்தாங்க?"

"நானா கேட்டதுதான்."

"எதுக்கு கேட்டீங்க?"

"இன்டர்வியூன்னு சொல்லியிருந்தாங்க. என்ன ஆச்சுன்னு தெரியல."

அதிகாரி பேனாவை மூடிவைத்தார். இந்தப் பதிலை எப்படி எழுதினாலும் மேலிடம் நம்பாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "பொழுது போகாம கேட்டதா எழுதிக்கிறேன். அதான் உங்களுக்கு நல்லது. நீங்க போகலாம்."

துடுப்பு எழுந்திருக்கவில்லை.

"சார், நேத்து அந்தம்மா வந்தாங்களா?"

"வந்தாங்க."

"நான் கேட்டதுக்கு என்ன பதில் சொன்னாங்கன்னு தெரிஞ்சுக்கலாமா? அன்னிக்குக் கைதட்டல்ல காதுல விழல."

அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்தார். நாட்டையே இரண்டுபடுத்திய கேள்வியைக் கேட்ட ஆள், பயணப்படியைக்கூடக் கேட்காமல் பதிலுக்காக உட்கார்ந்திருந்தார்.

"கிடைச்சிடுச்சாம். துறைமுகத்துல, சரக்குப் பிரிவுல. அந்த இன்டர்வியூவுலயே கிடைச்சிடுச்சாம்."

"ஓ" என்றார் துடுப்பு. கையைத் தொடைமேல் வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்தார். "அப்ப இவ்வளவு நாளா வேலைக்குப் போயிட்டிருக்கான்."

"ஆமா. இன்னும் என்ன?"

"வேற ஏதாவது சொன்னாங்களா சார்?"

"சொல்லல. கிளம்பும்போது உங்களப் பத்தி ஏதோ ஒண்ணு கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. "விசாரணைக்குச் சம்பந்தமில்லாததால காதுல வாங்கிக்கல. ஞாபகம் வரல சார்."

வெளியே வந்து பஸ் ஏறினார். ஜன்னலோர இருக்கையில் ஒருவர் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்; துடுப்பு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன கேட்டிருப்பாள்? முழங்காலாக இருக்கலாம். அக்காவாக இருக்கலாம். ஓய்வுபெற்ற பிறகு பகலை எப்படிப் போக்குவீர்கள் என்று கேட்டிருக்கலாம். எதுவென்று தெரியாத பட்சத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவதே முறை என்று அவருக்குப் பட்டது. முன்னால் இருந்த இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் ஆரம்பித்தார்.

"முழங்கால் பரவாயில்ல. மாடி ஏறும்போது மட்டும் பிடிக்குது."

பக்கத்து இருக்கைக்காரர் திரும்பினார். "என்கிட்டயா சொன்னீங்க?"

"இல்லீங்க."

அவர் பையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். துடுப்பு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அக்கா திட்டுகிறாள், ஆனால் தவறாமல் திட்டுகிறாள். குழாயை மாற்றியாயிற்று, ராத்திரி சத்தமே இல்லை, அதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. பையனுக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம். துறைமுகம் நல்ல இடம்தான், காற்று வரும்; சாப்பாட்டைக் கட்டிக்கொடுத்து அனுப்புங்கள், அங்கே விலை அதிகம்.

அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினார். இன்னும் இரண்டு மூன்று பதில்கள் பாக்கி இருந்தன. அடுத்ததில் இறங்கிக்கொள்ளலாம் என்று துடுப்பு உட்கார்ந்திருந்தார்.